மாங்குளம் மலையில் தேன் கலைந்த அன்று

மதுரையில் இருப்பவர்களுக்கு நடந்து பார்க்க மலைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, கொங்கர் புளியங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று நகரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு குன்று, அதில் ஒரு குகைத்தளம், கற்படுக்கைகள், நெற்றியில் ஒரு தமிழிக் (தமிழ் பிராமி) கல்வெட்டோ, பிற்கால எழுத்தான வட்டெழுத்தோ இருக்கும். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். உயரமும் பெரிதாக இருக்காது. அதனால்தான் நிறையப் பேர் தனியாகவே போகிறார்கள். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். மாங்குளம் போவதற்கு முன் அந்தக் கல்வெட்டுகளைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். எந்த எழுத்து எந்த வரியில் தேய்ந்திருக்கிறது என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும் என்று ஒருவர்கூட ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அந்த ஒரு வரி கிடைக்காததற்கு நான் கொடுத்தது கொஞ்சமல்ல. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்வெட்டுகள் மாங்குளம் என்ற பேரில் அறியப்பட்டாலும், மலை இருப்பது மீனாட்சிபுரம் என்ற சிற்றூரை ஒட்டி. ஊர்க்காரர்கள் கழுகுமலை என்பார்கள், ஓவாமலை என்றும் சொல்வதுண்டு. 1882ல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் இந்தக் கல்வெட்டுகளைக் குறித்து வைத்தார். அதில் இருப்பது தமிழ்தான் என்று கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924ல் எடுத்துச் சொன்ன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. நெடுஞ்செழியனின் அதிகாரி கடலன் வழுதி, கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி (துறவிகள் தங்கும் இடம்) வெட்டிக் கொடுத்த செய்தி அங்கே இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். சங்கப் பாட்டில் படித்த பாண்டியன் பேரை, அந்தக் காலத்திலேயே வெட்டிய எழுத்தில், வெயிலில் நின்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். வெள்ளறை ஊரின் வணிகக் குழுவினர் கொடுத்த கொடையும் அங்கே பதிவாகியிருக்கிறது. அரசனின் ஆளும் வியாபாரிகளும் சேர்ந்து ஒரு பாறையில் துறவிகளுக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அந்த வேலைப்பாட்டைப் பார்த்தாலே உள்ளே படுத்திருந்தவர்கள் மேல் வெட்டியவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று தெரியும்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, மேலூர் சாலையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் மீனாட்சிபுரம் போனேன். ஊருக்குள் இரண்டு பேர் நிறுத்தி, யார், எங்கே போகிறேன் என்று விசாரித்தார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி வந்து, சுற்று வட்டாரமே தெருவுக்கு வந்து போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதைக் கைவிடும்வரை அவர்கள் பட்டது அவர்களுக்குத்தான் தெரியும். அதன் பிறகு புது முகத்தைப் பார்த்தால் கேட்கத்தான் செய்வார்கள். கல்வெட்டுப் பார்க்க வந்தேன் என்றதும் வழி காட்டினார்கள். போகிறவர்கள் இதை ஒரு நல்ல வாய்ப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: “மேல பாறையில தேன் கட்டியிருக்கா?” இது ஒன்றைக் கேட்டாலே போதும். ஆடு மேய்ப்பவர்களுக்கும் விறகுக்குப் போகிறவர்களுக்கும் எந்தச் சரிவில் தேனடை தொங்குகிறது என்பது அத்துபடி. மலைத்தேனீ வருஷம் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதில்லை, பூக்கிற பருவத்தைப் பார்த்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். கார்த்திகையில் போய் வந்த நண்பர் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அது மாசிக்குப் பொருந்தாது.

ஏழரை மணிக்கெல்லாம் மேலே இருந்தேன். குகைத்தளங்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பாறையின் தோளைச் சுற்றி அடுத்த பக்கம் போனால் அரிட்டாபட்டிக் குன்றுகள் தெரியும் என்று நடந்தேன். அந்தப் பக்கத்தில் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில் இருக்கிறது, பாசுபத சைவத்தை நிறுவியவராகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் இருக்கிறது. மத்தியானத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம் என்பது திட்டம். தலைக்கு மேலே ஒரு பெரிய பருந்து பாறை முகத்தை ஒட்டித் திரும்பத் திரும்பப் பாய்வதைப் பார்த்தேன். இந்தக் குன்றுகளே வல்லூறுக்கும் கழுகுக்கும் பேர் போனவை என்பதால் நின்று ரசித்தேன். அது தேன்பருந்து என்றும், அடையைப் பிய்க்கத்தான் பாய்கிறது என்றும் எனக்கு அப்போது எப்படித் தெரியும்? முதலில் ஒரு இரைச்சல் கேட்டது. கீழே எங்கேயோ மோட்டார் ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். காதோரத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று கொட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பாறை மடிப்பின் அடியில் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒன்று அவிழ்ந்து காற்றில் பரவிக்கொண்டிருந்தது.

அடுத்த சில நிமிடங்களை வரிசையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. கையை வீசினேன், கத்தினேன், ஓடினேன். கண்ணாடி எங்கே விழுந்தது என்று தெரியாது. சரிவில் கால் பிசகி உருண்டு ஒரு சூராம்புதர் ஓரத்தில் போய் விழுந்தேன். கையில் இருந்த போன் பாறையில் மோதித் திரை சிதறியது. கணுக்காலில் உயிர் போகிற வலி, அதற்கு மேல் முகமெல்லாம் நெருப்பு. என் மகளின் முகம் மட்டும் மனதில் வந்து நின்றது. சத்தம் போட்டு அழுதேன். ஊர் அதோ கண்ணுக்குத் தெரிகிறது, யாரோ ரேடியோ வைத்திருக்கிற சத்தம்கூடக் கேட்கிறது, ஆனால் நான் கத்துவது யாருக்கும் கேட்கவில்லை. சாகப்போகிறோம் என்பதைவிட, இப்படி ஊர் பக்கத்திலேயே கிடந்து சாகப்போகிறோமே என்ற எண்ணம்தான் என்னை அதிகம் நடுங்க வைத்தது.

காப்பாற்றியது கீழ்ச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா. தேன் கலைந்ததைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு விலகியவர், என் சத்தம் கேட்டு நின்றிருக்கிறார். “ஏப்பா, கைய வீசாத! மூஞ்சிய மூடிக்கிட்டுப் பொதருக்குள்ள போ! சத்தம் போடாத!” என்று கத்தினார். தோளில் கிடந்த துண்டைத் தலையோடு சேர்த்து முகத்தில் சுற்றிக்கொண்டு, முள்ளைப் பற்றிக் கவலைப்படாமல் புதருக்குள் நகர்ந்தேன். கொட்டுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் இரைச்சல் அடங்கியது.

அந்த அம்மா சொன்னது அத்தனையும் சரி என்று பிறகு மருத்துவர் சொன்னார். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் ஒரு வாசனை பரவும், அது மற்றவற்றை அங்கேயே அழைக்கும். கை வீசி அடித்து நசுக்கினால் இன்னும் மோசம். அதனால் முதல் கொட்டு விழுந்ததுமே செய்ய வேண்டியது, கண், மூக்கு, வாய் மூன்றையும் துணியால் மறைத்துக்கொண்டு, வந்த வழியிலேயே விலகிப் போவது. சமதரையாக இருந்தால் நிற்காமல் ஓடலாம், கதவு சாத்துகிற மாதிரி ஒரு வீடோ வண்டியோ கிடைத்தால் உள்ளே போய்விடலாம். பாறைச் சரிவில் கண்மூடித்தனமாக ஓடுவது கொட்டு வாங்குவதைவிட ஆபத்து. நான் விழுந்த இடத்துக்கு நாலடி தள்ளி ஆளுயரத்துக்கு மேல் ஒரு பள்ளம் இருந்தது. கண்மாயோ ஊருணியோ தெரிந்தாலும் குதிக்காதீர்கள். தலையை வெளியே எடுக்கும்வரை தேனீக்கள் மேலேயே சுற்றும், மூச்சுக்காக வாயைத் திறக்கிற நேரத்தில் கொட்டும். அடை அருகில் இருக்கிறது என்பதற்கு ஒரு அறிகுறியும் உண்டு. யாராவது நெருங்கினால், அடை மேல் மூடியிருக்கிற தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கும், பார்க்க ஒரு அலை ஓடுகிற மாதிரி இருக்கும். அது எச்சரிக்கை. அதைப் பார்த்தால் போட்டோ எடுக்க நிற்காமல் சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். சென்ட் போட்டுக்கொண்டு போவது, பாறைக்கடியில் தீ மூட்டுவது, சிகரெட் பிடிப்பது எல்லாமே அவற்றைச் சீண்டுகிற வேலைதான்.

அந்த அம்மாவிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. எனக்கு என் மனைவியின் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. எல்லாம் உடைந்த போனுக்குள் இருக்கிறது. இந்தக் காலத்தில் யாருக்குத்தான் நினைவிருக்கிறது? ஆகவே ஒரு துண்டுத்தாளில் வீட்டு நம்பர் இரண்டு, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருந்தால் அது, இவ்வளவும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். தோள்பைக்குள் வேண்டாம். என் பை சரிவில் எங்கேயோ கிடந்தது, நான் வேறு எங்கேயோ கிடந்தேன்.

108க்குப் போன் போட்டதும் இன்னொரு சிக்கல். எந்த மாவட்டம், எந்த வட்டம், எந்த ஊர் என்று கேட்டார்கள். மீனாட்சிபுரம் என்ற பேரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. நான் மேலூர் என்று சொன்னேன், ஏனென்றால் அரிட்டாபட்டி அந்தப் பக்கம். ஆனால் மீனாட்சிபுரம் மதுரை கிழக்கில் வருகிறது. 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர் நிலத்தையும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள், அதனால் ஒரே இடம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்வோம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே நிறைய நேரம் போனது. எந்தக் குன்றுக்குப் போனாலும் கிளம்பும் முன்னே மாவட்டம், வட்டம், ஊராட்சி, பக்கத்தில் இருக்கிற கோயில் அல்லது பள்ளிக்கூடம், இவற்றையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். ஆம்புலன்ஸ் ஊர் வரைக்கும்தான் வரும், மலைக்கு வராது. அப்பத்தாவின் பேரன் இன்னும் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து, “அண்ணே, தோள்ல கையப் போடுங்க” என்று தூக்கிக்கொண்டு இறக்கினார்கள். அவர்களையும் இரண்டு மூன்று கொட்டியது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் சேர்த்த உடனே ஊசி, குளுக்கோஸ், ஆக்சிஜன் எல்லாம் வேகமாக நடந்தது. செவிலியர் ஒருவர் கொடுக்குகளை எடுக்க உட்கார்ந்தவர் அறுபது வரைக்கும் எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டார். தோலில் நிற்கிற கொடுக்கிலிருந்து முதல் ஒரு நிமிடத்துக்குள்ளேயே பெரும்பாலான விஷம் இறங்கிவிடும். நகத்தால் சுரண்டியோ, ஏ.டி.எம். கார்டால் வழித்தோ எதனாலும் சரி, சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். ஊரில் சுண்ணாம்பு தடவ வந்தார்கள், அன்பாகத்தான் வந்தார்கள். அதற்காக நேரம் போக்காமல் வண்டி ஏறுவதே நல்லது. மூச்சு இரைப்பு, உதடு நாக்கு வீக்கம், தலைசுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு, இதில் ஒன்று வந்தாலும் ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் அவசரம்தான். அட்ரினலின் ஊசி தொடையில் போட வேண்டிவரும், அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கக்கூடாது.

எனக்கு மூச்சு சீராகிவிட்டது, அன்று ராத்திரியே வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. இதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம். நிறைய கொட்டு வாங்கினால் விஷம் தசைகளைச் சிதைக்கும், அதிலிருந்து கசிவது சிறுநீரகத்தைப் பாதிக்கும். அது அன்றைக்கே தெரியாமல் போகலாம். வலி குறைந்துவிட்டதே என்று கிளம்பாமல் ஒரு நாளாவது கண்காணிப்பில் இருங்கள், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையைத் திரும்பவும் எடுக்கச் சொல்லுங்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வீட்டார் பயந்துபோய் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். டயாலிசிஸ் வரைக்கும் போகலாம் என்று சொன்ன அந்த ஒரு ராத்திரி என் மனைவி தூங்கவில்லை. நல்லவேளையாகக் கிரியேட்டினின் அளவு இறங்கத் தொடங்கியது.

செலவு என்று பார்த்தால், தனியார் மருத்துவமனையில் 61,400 ரூபாய். கண்ணாடி 4,200, போன் திரை 7,500, கணுக்காலுக்குக் கட்டு, வீட்டுக்கு வந்த பிறகும் ரத்தப் பரிசோதனைகள் என்று இன்னொரு 5,000. சம்பளமில்லாத விடுப்பு தனி. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கைவிரித்தது. மலையேற்றம் சாகச விளையாட்டு, அதற்குப் பாலிசியில் இடமில்லை என்று கடிதம் வந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பாலிசியை வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த விலக்கு தொழில்முறையாக அதில் ஈடுபடுகிறவர்களுக்குத்தான் எழுதியிருக்கிறது. நான் கல்வெட்டுப் பார்க்கப் போனவன், எனக்கு அது தொழில் இல்லை என்று எழுதி, அரசு மருத்துவமனை சீட்டில் ‘தேனீக் கொட்டு’ என்று குறித்திருந்ததையும் இணைத்து அனுப்பினேன். இழுத்தடித்து 44,000 கொடுத்தார்கள். அந்த முதல் சீட்டு இல்லாமல் போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. எவ்வளவு வலியில் இருந்தாலும், கூட இருப்பவரிடம் சொல்லி ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உடம்பு தேறிய பிறகும் பயம் போகவில்லை. மிக்சி ஓடினால் உடம்பு விறைக்கும். ஜன்னலில் ஒரு ஈ மோதினால் எழுந்து வெளியே போய்விடுவேன். வீட்டில் இனி மலைப்பக்கமே போகக்கூடாது என்றார்கள். அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த எழுத்துகளை இனிப் பார்க்கவே முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் போகாமல் விட்டால் அங்கே யார் போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கற்படுக்கை மேல் பேர் செதுக்குகிறவர்களும் குடிக்கிறவர்களும்தான். அந்தக் குன்றுகளை நேசிக்கிறவர்கள் அங்கே நடமாட வேண்டும். மேலூர் பக்கத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்ததில் வெட்டிய பள்ளங்கள் தண்ணீர் நின்று கிடக்கின்றன. அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெயில் தாழ்ந்த பிறகு, ஐப்பசி மழை ஓய்ந்து, திரும்ப மீனாட்சிபுரம் போனேன். அப்பத்தாவுக்குச் சேலை வாங்கிக்கொண்டு போனேன், “எதுக்குய்யா இதெல்லாம்” என்று கோபித்துக்கொண்டார். பேரனைக் கூடக் கூட்டிக்கொண்டுதான் மலை ஏறினேன். இப்போது எந்தக் குன்றுக்குப் போனாலும் ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொள்கிறேன். அரைநாள் கூலி எவ்வளவோ அதைக் கேட்டு, பேரம் பேசாமல் கொடுக்கிறேன். அவர்களுக்குத் தேன் இருக்கிற இடம் தெரியும், பாம்பு கிடக்கிற பொடவு தெரியும், எந்தச் சுனையில் பங்குனியிலும் தண்ணீர் இருக்கும் என்று தெரியும். ஒரு மெல்லிய வெள்ளைத் துணி, முழுக்கைச் சட்டை, கொடுக்கு எடுக்க ஒரு பழைய கார்டு, இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு விசில், இவ்வளவும் பையில் இருக்கும். விசிலைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். தொண்டை கட்டிப்போன பிறகும் அது கேட்கும். தேனீ சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் ஊதாதீர்கள், அடங்கட்டும்.

கிளம்பும்போது வீட்டில், எந்த ஊர், எந்தப் பக்கமாக ஏறி எந்தப் பக்கமாக இறங்குவேன், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். பேரனின் நம்பரும் அதில் இருக்கிறது. அவன் மார்கழி, தை இரண்டு மாதமும் ஊரில்தான் இருப்பான், மாசிக்கு மேல் பாறையில் தேனீ அடை கட்டிவிட்டால் தானே போன் பண்ணிச் சொல்வதாகவும் சொல்லியிருக்கிறான்.